ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு அனுப்பாதீர்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 33. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் நான்கு மாதங்களாகப் பணிபுரிகிறார். கொரோனா காலத்தில் சேர்ந்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே மதுரையில் பெற்றோர் வீட்டில் இருந்தபடியே வேலை. பதவியின் பெயர் டீம் லீட். மாதச் சம்பளம் 62,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 31,000.

ஏட்டளவில் அவருடைய பணி நேரம் பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருடனான கூட்டங்கள் முடிய நள்ளிரவு 1.30 ஆகிவிடுகிறது. சனிக்கிழமையும் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு ஊதியம் கிடையாது. கடந்த மாதம் நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டு மருத்துவரிடம் சென்றபோது ரத்த அழுத்தம் 160/100 இருந்திருக்கிறது. வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அலுவலகத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இந்த நிலையில், 15 நாட்களுக்குள் சென்னை அலுவலகத்துக்கு வந்து வாரம் ஐந்து நாட்களும் வேலை செய்ய வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவருடைய தாயாருக்கு வயது 61. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில்தான் அந்தச் செலவு போகிறது. "வர முடியாது என்றால் நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், இல்லையென்றால் நாங்கள் நீக்க வேண்டிவரும்" என்று மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மனிதவளப் பிரிவோ, "நீங்கள் எக்ஸிக்யூட்டிவ் நிலையில் இருப்பவர், தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று கூறியிருக்கிறது.

வாசகரின் கேள்வி இதுதான்: "வீட்டிலிருந்து வேலை செய்வது என் உரிமை. அதைப் பறிக்கிறார்கள். ராஜினாமா செய்துவிட்டு வழக்குத் தொடரட்டுமா? வேலை நேரத்தைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு ஆண்டுகளாக இரவு ஒன்றரை மணிவரை வேலை பார்த்து, காலையில் தாயை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் ஒரு மகனின் களைப்பு அதில் இருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. உரிமை என்று நீங்கள் நினைக்கும் வீட்டுப் பணி, சட்டத்தின் கண்ணில் ஒரு வேண்டுகோள்தான். ஒன்றும் செய்ய முடியாது என்று நீங்கள் கைவிட்ட வேலை நேரம்தான் உங்களுடைய உரிமை. இதை மாற்றிப் புரிந்துகொண்டு ராஜினாமா செய்தால், கையில் இருக்கும் பலமான சீட்டை எறிந்துவிட்டு பலவீனமான சீட்டோடு நீதிமன்றத்துக்குப் போவீர்கள்.

முதலில் வீட்டுப் பணி

உங்கள் பணி நியமனக் கடிதத்தின் நகலை இணைத்திருந்தீர்கள். அதில் பணியிடம் சென்னை என்று இருக்கிறது. நிறுவனம் விரும்பும் எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்ற வரியும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்த 2021ஆம் ஆண்டு மின்னஞ்சலில் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் அது ஒரு சலுகை, திரும்பப் பெறக்கூடியது.

தனியார் ஊழியர் எவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் பொதுவான உரிமையை நம் நாட்டில் எந்தச் சட்டமும் தரவில்லை. சட்டம் வெளிப்படையாக இதைப் பேசுவது மகப்பேறு விடுப்பை ஒட்டித்தான். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த அந்த ஏற்பாட்டிலும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி என்றுதான் இருக்கிறது. நான்கு ஆண்டு வழக்கம் உங்கள் வேண்டுகோளுக்கு வலுச் சேர்க்கும். அதை உரிமையாக மாற்றிவிடாது.

எனவே "வர மாட்டேன்" என்று எழுதாதீர்கள். நியாயமான பணியிட உத்தரவை மறுத்தால், உங்களை நீக்குவதற்கான காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாக ஆகும்.

வேலை நேரத்தில் சட்டம் உங்கள் பக்கம்

தமிழ்நாட்டில் மென்பொருள் நிறுவன அலுவலகங்கள் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் கீழ் வருகின்றன. பெயரில் 'கடை' இருப்பதால் அது மளிகைக் கடைகளுக்கான சட்டம் என்று உங்களைப் போலப் பலரும் நினைக்கிறார்கள். வணிக நிறுவனங்களும் அதற்குள் அடக்கம். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது. கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிற்பகல் 1.30 முதல் நள்ளிரவு 1.30 வரை 12 மணி நேரம். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 11. ஐந்து நாட்களுக்கு 55, சனிக்கிழமையின் நான்கையும் சேர்த்தால் 59. நாள் வரம்பு, வார வரம்பு இரண்டுமே மீறப்பட்டிருக்கின்றன. 48க்கு மேல் வாரந்தோறும் 11 மணி நேரம் ஊதியமில்லாமல் உழைத்திருக்கிறீர்கள்.

"சம்பளத்திலேயே கூடுதல் நேரமும் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் குறைந்தபட்சமாகக் கொடுத்திருப்பதை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. அதைவிட அதிகமாகக் கொடுக்க ஒப்பந்தம் போடலாம். குறைத்துக் கொடுக்கும் வரிக்கு, கையெழுத்து இருந்தாலும், மதிப்பில்லை.

நிறுவனம் இரண்டு எதிர்வாதங்களை வைக்கும். ஒன்று, நீங்கள் வேலை செய்தது வீட்டில், நிறுவனத்தில் அல்ல என்பது. நீங்கள் நிறுவனத்தின் கணினியில், நிறுவனத்தின் லாகின் வழியாக, நிறுவனம் குறித்த நேரத்தில் வேலை செய்தவர். அமர்ந்த நாற்காலி எங்கே இருந்தது என்பதால் ஊழியர் என்ற நிலை மாறாது என்று நான் வாதிடுவேன். ஆனாலும் இது வாதத்துக்கு இடமுள்ள புள்ளிதான், மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது எதிர்வாதம்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது.

'எக்ஸிக்யூட்டிவ்' என்ற பெயர்

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் யார் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார் என்பதை மனிதவளப் பிரிவு சூட்டும் பெயர் முடிவு செய்வதில்லை. ஒருவர் பெரும்பாலான நேரம் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு சிபா கெய்கி வழக்கில் தெளிவாகச் சொன்னது. அது தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. ஆனால் பெயரைத் தாண்டி வேலையைப் பார்க்கும் அந்த அளவுகோல் இங்கும் உதவும்.

நீங்கள் யாரையாவது வேலைக்கு எடுக்க முடியுமா? யாருக்காவது விடுப்பை இறுதியாக அனுமதிக்கும் அதிகாரம் உண்டா? சம்பள உயர்வை முடிவு செய்கிறீர்களா? ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தின்படி பார்த்தால், நாளின் பெரும்பகுதி வாடிக்கையாளர் அனுப்பும் பிழைகளைச் சரிசெய்கிறீர்கள், ஐந்து பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். அது தொழில்நுட்ப வேலை. நிர்வாகம் அல்ல.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 62,000 வாங்குபவர் தொழிலாளியாக முடியாது என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பு, மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அந்த ஊதிய வரம்பு மேற்பார்வையாளர்களுக்கு மட்டும். தொழில்நுட்பப் பணி செய்பவருக்கு எந்த ஊதிய வரம்பும் இல்லை. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமோ மாநிலச் சட்டம். மத்திய அரசின் தொகுப்புகள் அதை நீக்கிவிடவில்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் துறைக்குச் சட்டமே இல்லை என்பது, பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் மட்டுமே உண்மை போலத் தோன்றும் ஒரு கூற்று.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தொழிலதிபர்கள் மேடைகளில் பேசும் காலம் இது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அந்த மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலை வாசலில் நின்று கேட்க ஆள் இருந்தது. தனித்தனி வீடுகளில், தனித்தனி திரைகளின் முன் அமர்ந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்காகக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் கவலை.

உங்கள் உடல்நிலையை மறைக்காதீர்கள்

நான் மருத்துவர் அல்ல. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்கிறது அது. நீங்கள் 59 மணி நேரத்தில் இருக்கிறீர்கள், 33 வயதில் மாத்திரை தொடங்கியிருக்கிறீர்கள். இதயநோய் மருத்துவர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். பணி நேரத்தையும் தூக்கத்தையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் தரும் சான்றிதழை மனிதவளப் பிரிவுக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். நோயைச் சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறீர்கள். சொல்லாமல் இருந்தால், நாளை உங்கள் வேலைத்திறன் குறைந்தது என்று அவர்கள் எழுதும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. ஆண்டுக்கு 12 நாட்கள் ஊதியத்துடன் நோய் விடுப்பு அதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது.

அம்மாவின் காப்பீடு

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதறவைத்த வரி இது: "பிரீமியத்தை ஆண்டு முழுவதற்கும் என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், அதனால் ராஜினாமா செய்தாலும் பாலிசி முடியும் நாள் வரை அம்மாவுக்குக் காப்பீடு இருக்கும்."

பெரும்பாலும் இருக்காது. குழுக் காப்பீட்டில் பாலிசிதாரர் நிறுவனம்தான். நீங்கள் அதன் உறுப்பினர், உங்கள் வழியாக அம்மா உறுப்பினர். வேலை முடியும் நாளோடு உறுப்பினர் தகுதி முடிவதுதான் பொதுவான விதி. ஒரு வேகத்தில் ராஜினாமா கடிதத்தை அனுப்பி, அவர்கள் உடனே விடுவித்துவிட்டால், அடுத்த டயாலிசிஸுக்கே கையிலிருந்து பணம் கட்ட வேண்டிவரும்.

குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்திருக்கிறது. பழைய நோய்களுக்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தில் ஏற்கெனவே கழித்ததும் கணக்கில் வரும். ஆனால் புதிய பாலிசியை காப்பீட்டு நிறுவனம் தன் மதிப்பீட்டின்படிதான் வழங்கும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதை எளிதாகத் தந்துவிடுவார்கள் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். எனவே வேலையில் இருக்கும்போதே பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள், மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், பதிலை எழுத்தில் பெறுங்கள். எது நடந்தாலும் சிகிச்சை தடைபடாமல் இருக்க, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் இப்போதே பதிவு செய்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளைத் தருகிறார்கள். அம்மாவுக்கு அந்த முறை ஒத்துவருமா என்று அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். உங்களுக்குப் பொருந்தாது.

ராஜினாமா செய்தால் இழப்பது என்ன?

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தராமல் நீக்கக்கூடாது என்கிறது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். நீக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இவை அத்தனையும் நீக்கப்பட்டவருக்குத்தான். தானாக விலகியவருக்கு இந்தக் கதவு மூடிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு தொலைபேசி உரையாடலை வைத்து அது கடினம். மேலாளர் உங்களையே எழுதித் தரச் சொல்வது இதனால்தான்.

பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில். உங்கள் 31,000 அடிப்படைச் சம்பளத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 89,000 ரூபாய் வரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் பணி செய்திருந்தாலே அது முழு ஆண்டாகக் கணக்காகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த எல்லையை இன்னும் நீங்கள் தொடவில்லை. இன்று விலகினால் அந்தத் தொகை முழுவதும் போகும். முடிந்தால் ஐந்து ஆண்டுகளை முழுமையாகவே முடியுங்கள். தீர்ப்பைக் காட்டி வாங்குவது வழக்கு நடத்தி வாங்குவதாகத்தான் பெரும்பாலும் முடிகிறது.

இனி என்ன செய்யலாம்

உத்தரவுக்கு இந்த வாரத்துக்குள் பணிவான ஒரு பதில் அனுப்புங்கள். உத்தரவை மறுக்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தாயின் சிகிச்சை அட்டவணையையும் உங்கள் மருத்துவச் சான்றிதழையும் இணைத்து, இடம் மாற 60 நாள் அவகாசம் கேளுங்கள். அதன்பின் மாதத்தில் பத்து நாட்கள் சென்னை அலுவலகம், மற்ற நாட்கள் மதுரை என்ற ஏற்பாட்டை ஆறு மாதத்துக்குச் சோதனையாக முன்வையுங்கள். வெறும் கோரிக்கையைவிட, நாட்களோடும் தேதிகளோடும் வரும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். அதே மின்னஞ்சலில் மேலாளர் தொலைபேசியில் சொன்னதையும் தேதியோடு, குற்றச்சாட்டுத் தொனி இல்லாமல், "நீங்கள் இவ்வாறு தெரிவித்தீர்கள், ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை" என்று பதிவு செய்யுங்கள்.

அவர்கள் மறுத்தால், குறித்த நாளில் சென்னையில் போய் நில்லுங்கள். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ சில வாரங்கள் தங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. தங்கையும் தந்தையும் அந்த நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுவதை யாரும் தடுக்கவில்லை. மதுரையிலும் கோவையிலும் உங்கள் துறையில் நிறுவனங்கள் இருக்கின்றன.

கூடுதல் நேர ஊதியத்துக்கு இப்போதே வழக்குத் தொடர வேண்டியதில்லை. மேலே சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்புச் சட்டம் உரிமைகோர மூன்று ஆண்டுகள் தருகிறது. ஆனால் ஒவ்வொரு மாதம் கடக்கும்போதும் பழைய மாதம் ஒன்று அந்த வரம்புக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதுவரை ஆதாரம் சேருங்கள். இதில் ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளரின் தகவல்கள் இருக்கும் மின்னஞ்சல்களை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி, அதையே நீக்கத்துக்கான காரணமாக்கிவிடுவார்கள். உங்கள் கைப்பேசியில் இரவு வந்த அழைப்புகளின் பட்டியல், உங்கள் கையால் அன்றன்றைக்கு எழுதும் நேரக் குறிப்பு, மனிதவளப் பிரிவிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறும் வருகைப் பதிவு ஆகியவை போதும். கேட்டும் தரவில்லை என்றால் அந்த மறுப்பும் ஓர் ஆதாரம். உங்கள் குழுவில் இதே நிலையில் இருக்கும் ஐந்து பேரிடமும் பேசிப் பாருங்கள். ஆறு பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறைக்கு எழுதும் கடிதத்தை நிறுவனம் அலட்சியப்படுத்துவது எளிதல்ல.

ஒருவேளை நீக்க உத்தரவு வந்தேவிட்டால், அது கையில் கிடைத்த தேதியை அந்த உறையின் மீதோ மின்னஞ்சலின் நகலிலோ குறித்து வையுங்கள். 30 நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். கடைசி வாரம் வரை பேச்சுவார்த்தையில் கழித்துவிட்டு வழக்கறிஞரைத் தேடாதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பாலிசி நகல், மருத்துவச் சான்றிதழ், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, முதல் வாரத்திலேயே தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒருவரைச் சென்று பாருங்கள்.